அடைப்பை எடுத்தால் போதுமா? ‘எப்படித் தெரியும்’ என்று கேட்கப் பழகுவோம்

முதலில் ஒரு சிறிய கணக்கு.

உயர் ரத்த அழுத்தத்தால் அவதிப்படும் 459 பேர். எல்லாருக்கும் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனி சுருங்கிப்போயிருந்தது. சராசரியாக அவர்களின் மேல் அளவு ரத்த அழுத்தம் 150 மில்லிமீட்டர் பாதரசம். மருத்துவர்கள் சுருங்கிய இடத்தில் ‘ஸ்டென்ட்’ எனப்படும் உலோக வலைக் குழாயை வைத்துத் தமனியை விரித்தார்கள். மருந்துகளும் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கவனித்ததில், அழுத்தம் சராசரியாக 16.6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

இப்போது சொல்லுங்கள், ஸ்டென்ட் வேலை செய்ததா?

உங்களில் பெரும்பாலோர் ‘ஆம்’ என்றுதான் சொல்வீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சிகிச்சைக்கு முன் 150, சிகிச்சைக்குப் பின் 133. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அந்த ‘ஆம்’ ஏன் அவசரமான பதில் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இது வெறும் பாடப் புத்தகக் கேள்வி அல்ல. சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இருக்கிறது. இன்று இல்லாவிட்டாலும் நாளை, உங்கள் தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ என்ன சிகிச்சை வேண்டும் என்று வீட்டில் பேசும்போது நீங்களும் அங்கே இருப்பீர்கள்.

அழகான ஒரு விளக்கம்

சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன உறவு? இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. தன்னிடம் வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் ‘ரெனின்’ என்ற பொருளைச் சுரக்கிறது.

1898ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்து வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் ரத்த அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குத்தான் ரெனின் என்று பெயர் வைத்தார்கள். ஆனால், பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோயியல் நிபுணர் இருந்தார். உயர் ரத்த அழுத்தம் இருந்து இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, பலருக்குச் சிறுநீரகத் தமனிகள் சுருங்கியிருப்பதைக் கண்டார். அழுத்தம் அதிகமானதால்தான் தமனி கெட்டது என்று அன்று பலர் நம்பினார்கள். கோல்ட்பிளாட் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: தமனி சுருங்கியதால் அழுத்தம் ஏறியிருக்கலாமே?

ஊகித்துக்கொண்டே இருக்காமல் அவர் சோதித்துப் பார்த்தார். நாய்களின் சிறுநீரகத் தமனியில் வெள்ளியாலான சிறு கவ்வியை மாட்டி ரத்த ஓட்டத்தைக் குறைத்தார். ரத்த அழுத்தம் உயர்ந்தது. 1934இல் அதை வெளியிட்டார்.

1940இல் அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அடுத்த கண்ணியைக் கண்டுபிடித்தன. இன்று அதை ‘ஆஞ்சியோடென்சின்’ என்கிறோம். சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. ரெனின் ஆஞ்சியோடென்சின் உருவாக வழி செய்கிறது. ஆஞ்சியோடென்சின் உடலெங்கும் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, உப்பையும் நீரையும் உடலில் தங்க வைக்கிறது. அழுத்தம் ஏறுகிறது. தமனி சுருங்கிய சிறுநீரகம், உடலில் ரத்தம் போதவில்லை என்று தவறாக நினைத்துக்கொண்டு எப்போதும் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் தீர்வு? சுருங்கிய இடத்தை விரித்துவிட்டால் மணி நின்றுவிட வேண்டும். தண்ணீர்க் குழாயில் மண் அடைத்தால் மண்ணை எடுக்கிறோம். அதேபோலத்தான்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் 1977இல் இதயத் தமனியை ஒரு சிறு பலூனால் விரித்துக் காட்டினார். மறு ஆண்டே சிறுநீரகத் தமனியிலும் அதைச் செய்தார். பிறகு, விரித்த இடம் மறுபடி சுருங்காமல் இருக்க ஸ்டென்ட் வந்தது. தொடையில் சிறு துளை போட்டு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, திரையில் படம் பார்த்தபடியே வேலையை முடித்துவிடலாம். முன்னால் எடுத்த படத்தில் இழைபோல் குறுகியிருந்த தமனி, பின்னால் எடுத்த படத்தில் அகலமாக, அழகாகத் தெரியும். 1990களின் பிற்பாதியில் அமெரிக்க முதியோரிடையே இத்தகைய சிகிச்சைகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேல் கூடியது.

விளக்கம் சரி. விலங்குச் சோதனையும் சரி. படமும் கண்முன்னே இருக்கிறது. பலருக்குச் சிகிச்சைக்குப் பின் அழுத்தமும் குறைகிறது. எல்லாம் பொருந்தி வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது.

விட்டுப்போன மறுபாதி

தொடக்கத்தில் சொன்ன கணக்குக்குத் திரும்புவோம். அது ‘கோரல்’ என்ற ஆய்விலிருந்து எடுத்தது. அதன் முடிவுகள் 2014இல் அச்சில் வந்தன. அந்தக் கணக்கில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். மறுபாதி இதோ.

அந்த ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது. 472 பேர். அவர்களுக்கும் அதே மாதிரியான சுருக்கம், அதே 150 அளவு அழுத்தம். யார் எந்தக் குழுவில் என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. இந்த இரண்டாம் குழுவுக்கு ஸ்டென்ட் கிடையாது. மருந்து மட்டும்தான். முதல் குழுவுக்குக் கொடுத்த அதே மருந்துகள்: ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் கான்டிசார்டன், அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின், கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டேட்டின் போன்றவை.

ஸ்டென்ட் வைக்காத அவர்களின் அழுத்தம் எவ்வளவு குறைந்தது? 15.6 மில்லிமீட்டர்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 16.6, வைக்காதவர்களுக்கு 15.6. இந்த இரண்டு எண்களையும் உங்கள் குறிப்பேட்டில் அருகருகே எழுதிப் பாருங்கள். ஆய்வுக் காலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் இரு குழுவினருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான்.

சரி, அழுத்தம் வெறும் எண்தானே, உயிர் பிழைத்தார்களா என்பதுதானே முக்கியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் பார்த்தார்கள். இதய நோய் அல்லது சிறுநீரக நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்தல், சிறுநீரகம் மோசமடைதல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார்கள். ஸ்டென்ட் குழுவில் 35.1 விழுக்காட்டினருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. மருந்துக் குழுவில் 35.8 விழுக்காடு. பெயருக்குக்கூட வேறுபாடு இல்லை.

இதற்கு முன்பே, 2009இல் ‘ஆஸ்ட்ரல்’ என்ற ஆய்வும் வெளிவந்திருந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 806 நோயாளிகள். அங்கும் சிறுநீரகத்தின் செயல்பாட்டிலோ அழுத்தத்திலோ உயிரிழப்பிலோ குறிப்பிடத்தக்க நன்மை தென்படவில்லை. ஆனால் ஒன்று தென்பட்டது. சிகிச்சையோடு தொடர்புடைய கடுமையான பாதிப்புகள் 23 பேருக்கு ஏற்பட்டன. அவர்களில் இருவர் இறந்தார்கள். மூவருக்குக் கால்விரலையோ காலையோ அகற்ற வேண்டியிருந்தது.

தமனியின் சுவரில் படிந்த கொழுப்பைக் குழாய் உரசும்போது துகள்கள் உதிர்ந்து, ரத்தத்தோடு போய் வேறு இடத்தில் அடைத்துக்கொள்ளக்கூடும். சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போன வேலை கால்விரலைப் பறித்துவிடலாம். யாரும் கவனக்குறைவாக இருந்து நடந்ததல்ல இது. அந்தச் சிகிச்சையோடு கூடவே வரும் ஆபத்து. பலன் பெரிதாக இருந்தால் அந்த ஆபத்தை ஏற்கலாம். பலன் ஒரு மில்லிமீட்டர் என்றால்?

விளக்கம் எங்கே சறுக்கியது?

கோல்ட்பிளாட் தவறு செய்யவில்லை. ரெனின் கதையும் பொய்யல்ல. மனித உடல் ஆய்வகத்து நாயின் உடலைவிடச் சிக்கலானது என்பதுதான் விஷயம்.

கோல்ட்பிளாட்டின் நாய்க்குத் தமனி நலமாகவே இருந்தது. கவ்வி ஒன்றுதான் கோளாறு. ஆனால் 70 வயதுக்காரர் ஒருவரின் தமனியில் கொழுப்புப் படிய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். அவருக்கு ஏற்கெனவே வேறு காரணங்களால் உயர் அழுத்தம் இருந்திருக்கலாம். அப்படியானால் சுருக்கம், அழுத்தத்துக்குக் காரணமாக இல்லாமல் அதனோடு சேர்ந்து வந்த துணையாகவே இருக்கலாம். நரைத்த முடியும் முழங்கால் வலியும் ஒரே வயதில் வருகின்றன. முடிக்குச் சாயம் பூசினால் முழங்கால் வலி போகாது.

சுருக்கமே காரணமாக இருந்தாலும், பல ஆண்டு அழுத்தத்தால் சிறுநீரகத்தின் உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருக்கலாம். பெரிய குழாயை விரித்து என்ன பயன்?

மூன்றாவதாக, மருந்துகள் வெகுவாக முன்னேறிவிட்டன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த ‘காப்டோபிரில்’ 1981இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆஞ்சியோடென்சின் உருவாவதையே அது தடுக்கிறது. அதன்பின் இன்னும் பல வந்தன. அபாய மணியை அடிக்கும் சிறுநீரகத்தைத் தொடாமலேயே, மணியோசை உடலுக்குக் கேட்காமல் செய்துவிட முடிகிறது.

ஆனால் 15.6 முழுவதும் மருந்தின் புண்ணியம் என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் கூடுதல் வகுப்புக்கு அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்வில் அவர்களில் பலர் சற்றுக் கூடுதலாக எடுப்பார்கள். வகுப்பே நடக்காவிட்டாலும் அப்படித்தான். ஏனென்றால் முதல் தேர்வன்று சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குத் தூக்கம் போதவில்லை. மோசமான நாளில் அளந்தால், அடுத்த அளவு பொதுவாகச் சற்று நல்லதாகவே இருக்கும். ரத்த அழுத்தமும் அதேபோல ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தில்தான் மனிதர்கள் மருத்துவரிடம் போகிறார்கள்.

சிறுநீரக நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்து அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு சிகிச்சையை 2014இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. மொத்தம் 535 பேர். ஒரு பகுதியினருக்குப் படம் எடுத்ததோடு சரி. உண்மையான சிகிச்சை செய்யவில்லை. தங்களுக்கு எது நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அழுத்தம் சுமார் 14.1 குறைந்தது. எதுவுமே செய்யப்படாதவர்களுக்கு? 11.7 குறைந்தது! அவர்கள் மட்டும் ஒரு ஆய்வாக இருந்திருந்தால், ‘எதுவும் செய்யாத சிகிச்சை மாபெரும் வெற்றி’ என்று தலைப்புப் போட்டிருக்கலாம்.

கதை அதோடு முடியவில்லை. கருவியை மேம்படுத்தி, மீண்டும் அதே கடுமையான முறையில் சோதித்தார்கள். இம்முறை சிறிய, ஆனால் உண்மையான பலன் தெரிந்தது. 2023இல் அமெரிக்கா அத்தகைய கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆகவே சோதனை என்பது புதிய சிகிச்சைகளைக் கொல்லும் கத்தி அல்ல. நெல்லையும் பதரையும் பிரிக்கும் முறம்.

மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்போம்

இந்த ஆய்வுகளை விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்ட்ரலில் சுருக்கம் அதிகமில்லாதவர்களையும் சேர்த்துவிட்டார்கள் என்கிறார்கள். ஸ்டென்ட் நிச்சயம் தேவை என்று மருத்துவர் உறுதியாக நினைத்த நோயாளிகளை இத்தகைய ஆய்வுகளில் சேர்க்கவே மாட்டார்கள், எனவே மிக மோசமான நிலையில் இருந்தவர்களைப் பற்றி இவை அதிகம் சொல்வதில்லை என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

அதனால்தான் மருத்துவர்கள் இன்றும் சிலருக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர்கள், பல மருந்துகள் சாப்பிட்டும் அழுத்தம் அடங்காதவர்கள், சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்து வருபவர்கள் போன்றோர் அந்தச் சிலர். இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும், கொழுப்பால் அல்லாமல் தமனிச் சுவரின் திசு மாற்றத்தால் வரும் வேறு வகைச் சுருக்கமும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் பலூன் மட்டுமே நல்ல பலன் தருகிறது. மாரடைப்பு நேரும் வேளையில் இதயத் தமனியில் வைக்கும் ஸ்டென்ட் உயிர்காக்கும் என்பதில் ஐயமே இல்லை. எனவே இதைப் படித்துவிட்டு, “ஸ்டென்ட் எல்லாம் வீண்” என்று வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். யாருக்கு, எந்தத் தமனியில், எந்த நிலையில் என்பதுதான் கேள்வி.

இன்னொரு மறுப்பு மனத்தைத் தொடுவது. நோயாளியின் சிகிச்சையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது இரக்கமற்ற செயல் இல்லையா? நானும் இதைப் பற்றி நெடுநேரம் யோசித்திருக்கிறேன். எது நல்லது என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால் குலுக்குவது தவறுதான். ஆனால் தெரியாதபோது, தெரிந்ததுபோல் நடந்துகொள்வதுதான் இரக்கமற்றது என்பது என் கருத்து. கோரல், ஆஸ்ட்ரல் ஆய்வுகளில் சேரச் சம்மதித்தவர்கள் ஏறத்தாழ 1,750 பேர். அவர்கள் விருப்பத்தோடு கொடுத்தது தங்கள் உடலின் அனுபவத்தை. அதனால்தான் பின்னால் வந்த பல்லாயிரம் பேர் தேவையற்ற ஆபத்திலிருந்து தப்பினார்கள்.

பள்ளியில் இதைச் சொல்லித் தர வேண்டும்

நம் அறிவியல் பாடங்களில் சிறுநீரகத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். நல்லது. ஆனால் ‘இது எப்படித் தெரிந்தது’ என்ற கேள்விக்கு நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. ஆய்வகத்தில் ஒரு செடியை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் வைக்கிறோமே, அந்த இரண்டாவது செடி எதற்கு? தேர்வுக்காக ‘ஒப்பீட்டுக்கு’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்த இரண்டாவது செடிதான் கோரல் ஆய்வின் 472 பேர் என்பதை யாராவது நமக்குச் சொன்னார்களா?

வாட்ஸ்அப்பில் வரும் பாகற்காய்ச் சாறு வைத்தியமானாலும், கடையில் விற்கும் ஊட்டச்சத்து மாத்திரையானாலும், பெரிய மருத்துவமனையின் புதிய கருவியானாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இதைச் செய்துகொள்ளாதவர்களுக்கு என்ன ஆயிற்று? யார் எந்தக் குழு என்பதை யார் முடிவு செய்தார்கள்? எண் மாறியது சரி, மனிதர் நலமடைந்தாரா?

இந்தக் கேள்விகளை மருத்துவரிடம் பணிவோடு கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், மகிழ்வார். உங்கள் பாட்டிக்குத் தமனியில் 70 விழுக்காடு அடைப்பு என்று ஒருநாள் சொன்னால், வீட்டில் எல்லாரும் பதறிப்போய், “உடனே எடுத்துவிடுங்கள், டாக்டர்” என்பார்கள். அன்பினால் வரும் அவசரம் அது. அந்த நேரத்தில், “டாக்டர், பாட்டியைப் போன்றவர்களுக்கு மருந்து மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?” என்று கேட்க வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். அதுவரை, தாத்தா காலையில் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உணவங்காடியில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பல் சட்டினி போடும்போது மெல்லத் தடுத்துப் பாருங்கள். எந்தத் திரையிலும் அதற்குப் ‘முன்’, ‘பின்’ படம் கிடையாது. ஆனாலும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இப்படிப்பட்ட சின்ன வேலைகளுக்கும் பங்கு உண்டு.